இடி வரும் பக்கங்கள்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ படிக்க ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அன்று சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. குழம்பில் இருந்த பெரிய மீன் துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "சித்தி, இனிமே நீங்க எனக்காக இங்க இருக்க வேண்டாம். ஐ மீன் இட். அப்பாகிட்டயும் பேசிட்டேன். ஊருக்குப் போகணும்னா போங்க, படிக்கணும்னா படிங்க. யூ ஆர் ஒன்லி தர்ட்டி ஃபோர்." நான், "முள் இருக்கும், பாத்துச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். நல்ல மனதோடு சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். பல நாள் யோசித்து, அப்பாவிடம் பேசி, துணிந்து சொல்லியிருப்பாய். ஆனால் நாம் இருக்கும் ஊர் துபாய். இங்கே ஒப்பந்தம் முடிந்தவரிடமும் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். கை கொடுப்பார்கள், இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்பார்கள், விசாவை ரத்து செய்ய ஒரு தேதி சொல்வார்கள். உன் வீட்டில் நான் இருந்ததும் அப்படி ஒரு ஒப்பந்தத்தில்தானா, நீ விமானம் ஏறிய பிறகு நான் உனக்கு யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதை நேரில் கேட்க எனக்கு வராது. பேசத் தெரிந்த வீடாக நம் வீட்டை நான் வளர்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நம்மைப்போல் இந்த ஊர்களில் பிள்ளை வளர்க்கும் வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும் என்று பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்காவின் வாசிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். உன் அம்மாவை நான் வேறு எப்படியும் நினைக்கப் பழகவில்லை. ஊரில் கோயிலுக்குப் போகும்போது அவள் ஆர்மோனியத்தின் முன்னால் இருப்பாள், நான் பெண்கள் வரிசையில் இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துபாய்க்கு நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு, இங்கே கோயிலில் ஆங்கிலப் பூசைக்கு வைத்திருக்கும் பெரிய மின் ஆர்கனை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு அடுக்கு விசைப்பலகை, காலால் மிதிக்கும் மரக்கட்டைகள், பக்கத்தில் பீரோ உயர ஒலிபெருக்கி. அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரத் தோழி ஒருத்திதான் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் இசைத்தாளைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். ஆர்கனுக்காக எழுதிய இடையர் காட்சி. முதலில் கீழே ஒரு சுரம் அசையாமல் நிற்கும். அதன்மேல் ஒரு குழல், மூக்கால் பாடுவதுபோல மெலிந்த ஒலி, ஆடுகளுக்குப் பின்னால் அவசரமில்லாமல் நடக்கும். பறவைகள் வரும். பிறகு தூரத்தில் உறுமும். மழை, இடி, எல்லாம் சேர்ந்து இறங்கும். அது ஓய்ந்ததும் கிழவர்கள் ஏதோ ஓர் அறையில் கூடிச் செபம் சொல்வதுபோல ஒரு பகுதி. கடைசியில் அந்தக் குழலே திரும்ப வரும். கிறிஸ்மஸ் பூசைக்குச் சனம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்போது அக்கா இதை வாசிப்பாள்; நான் இங்கே வரும் முன்பு அவள் அனுப்பிய வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். இடி வரும் இடத்தில் இடது பாதத்தைக் குறுக்காக வைத்து மிகக் கீழே உள்ள கட்டைகளை ஒன்றாக அழுத்துவாள். நீ அந்த ஒலிபெருக்கியின் மரப்பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உட்கார்ந்திருப்பாய். இடி உன் கை வழியாக ஏறி வயிறுவரை போகும். கோயிலில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரிப்பாய்.

பாடற்குழுவை நடத்தும் அண்ணனுக்கு, ஏசி பழுது பார்ப்பவர் என்பதால் நாம் எல்லோரும் ஏசி அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு, அது அறவே பிடிக்காது. "ஏட்டி, பூசைக்கு வந்திருக்கமா, ஆட்டு மந்தைக்கு வந்திருக்கமா? சனம் வெளிய துணி காயுதேன்னு எந்திரிச்சிப் போயிரும்" என்பார். அக்கா திரும்பியே பார்க்கமாட்டாள். "துபாய்ல எங்கண்ணே மழை? எம்புள்ள இடியையாவது கேக்கட்டும்" என்பாள்.

அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பிற்பாடு தேடிப் படித்தேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்வதில் உள்ள ஒரே சுகம் இதுதான். பெரிய நகரத்துப் பெரிய கோயில்களில் வாசித்தவர். இடியும் மழையும் வாசித்ததற்காக, கோயிலை நாடகக் கொட்டகை ஆக்குகிறார் என்று கற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். பட்டுடை அணிந்து வண்டியில் வந்து இறங்கும் சீமாட்டிகளுக்காக அவர் ஆடுகளை வாசித்தார். கராமாவின் நெருக்கமான மாடிவீடுகளிலிருந்து பேருந்து பிடித்து வருகிறவர்களுக்காக அக்கா வாசித்தாள். புல்வெளியைப் பார்க்க முடியாத இடத்தில்தான் அந்த இசைக்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் இடி வேறு. இடி எல்லா இடத்திலும் உண்டு. அது எனக்கு அப்போது புரியவில்லை.

அக்காவுக்கு நோய் முற்றியபோது உனக்கு ஏழு வயது. எனக்கு இருபத்திரண்டு. உன்னைப் பார்த்துக்கொள்ள விசிட் விசாவில் வந்தேன். அப்பாவுக்கு அப்போதும் ஓமானில் சோஹார் துறைமுகத்தில்தான் வேலை. எல்லையைத் தாண்டி வாரம் விட்டு வாரம் வருவார். அவள் போனது ஆகஸ்டில். நீ பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். மறுநாள் உடலோடு ஊருக்குப் போகக் கிளம்பிய அப்பா, லிஃப்ட் வாசலில் என்னிடம் சொன்னார்: "இப்பச் சொல்லாத. லீவுல போயிருக்கான்னு சொல்லு. நான் வந்து சொல்லிக்கிடுதேன்." நான் சரி என்றேன். உள்ளே வந்து உன்னிடம் அதையே சொன்னேன். அது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஆகஸ்டில் நம் கட்டிடமே லீவில் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் இல்லை, கீழ்வீட்டுக்காரர்கள் இல்லை, உன் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மனிதர்கள் காணாமல் போவது ஒரு பருவம். போவார்கள், செப்டம்பரில் கருவாடும் சிப்ஸும் கொண்டு திரும்புவார்கள். வேறு எந்த ஊரில் இருந்திருந்தாலும் இப்படி ஒரு பொய் எங்களுக்குக் கைகொடுத்திருக்காது.

அப்பா திரும்பி வந்தார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர்ந்தது. வராந்தாவில் சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம் கேட்டால் நீ கதவுக்கு வந்துவிடுவாய். ஒருநாள் சோறு ஊட்டும்போது கேட்டாய்: "அம்மா லீவு எப்ப முடியும்?" நான், "எக்ஸ்டெண்ட் பண்ணியிருக்காங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன், தம்பி. அலுவலகத்தில் சொல்வதுபோலச் சொன்னேன்.

பள்ளிப் பேருந்தில் ஒரு பையன் உன்னிடம் சொல்லிவிட்டான். அவனுடைய அம்மா வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறான். நீ வந்தாய், ஷூவைக் கழற்றினாய், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாய். அழவில்லை. பிறகு படுக்கையறைக்குள் போய் அலமாரிக்கு மேலே கையைக் காட்டினாய். "அம்மா சூட்கேஸ் மேலயே இருக்கே. லீவுக்குப் போறவங்க சூட்கேஸ் இல்லாம எப்படிப் போவாங்க? எனக்கு அப்பவே தெரியும்." அப்படியானால் ஏன் லீவைப் பற்றிக் கேட்டாய் என்றேன். "நீங்க சொல்லுவீங்களான்னு பாக்கத்தான்" என்றாய்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ படித்திருக்கிறேன். துக்கத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, இறந்தவர்களைப் பற்றி. அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் எதுவும் நிற்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தன் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய்ப்புமேல் வாய்ப்பாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஊரில் எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் வைத்தார்கள். அக்கா போனால் தங்கை என்பது நம் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் விஷயம் இல்லை. பேச்சு அந்த வழியில் தானாக உருண்டு போகும். பையனுக்குச் சித்தி பழக்கம், வேற ஒருத்தி வந்து எப்படிப் பாப்பா என்றார்கள். நான் அன்றுவரை அத்தான் என்று கூப்பிட்டவரை அதற்குப் பிறகும் அத்தான் என்றே கூப்பிட்டேன். கூப்பிடும் முறைகூட மாறவில்லை, அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது. பூசை முடிந்து பந்திக்கு முன்னால், கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையோடு உன்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். அதுதான் நீ முதல்முறை பார்த்தது. நான் பட்டுச்சேலையில் கோயில் வாசலில் நின்றுகொண்டு, நீ திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து என் பக்கத்தில் நின்றாய். புகைப்படக்காரர், "தம்பி, கொஞ்சம் சிரி" என்றார். சிரித்தாய். அந்தப் படத்தை நம் வீட்டில் ஏன் மாட்டவில்லை என்று நீ கேட்டதில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ஏசி அண்ணன் என்னை வாசிக்கச் சொன்னார். அக்கா ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொடுத்து, எனக்குக் கை ஓரளவு பழகியிருந்தது. கால் பழகவில்லை. ஆனால் கால் காரணம் இல்லை. இசைத்தாளில் இடி தொடங்கும் பக்கத்தின் ஓரத்தில் அக்கா பென்சிலால் ஒரு சின்னக் குடை வரைந்து வைத்திருந்தாள், உனக்காக. அதைப் பார்த்ததும் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டேன். குழலை வாசித்தேன், பறவைகளை வாசித்தேன், அங்கிருந்து நேராகக் குழல் திரும்பும் இடத்துக்குத் தாவினேன். யாரும் கவனிக்கவில்லை. நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னார்கள். நீ மட்டும் ஒலிபெருக்கியின் பலகையிலிருந்து கையை எடுக்காமல் பூசை தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தாய். பேருந்தில் கேட்டாய்: "இடி எங்க சித்தி?" நான், "சாமியார் இந்த வருஷம் வேண்டாம்னுட்டாரு" என்றேன். சாமியாருக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது. அதற்கடுத்த வருடம் நீ அந்தப் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

இடியை எடுத்துவிட்டால் அந்த இசை என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும், வாசித்தவள் நான். ஆடு மேய்கிறது, பறவை கூவுகிறது, ஆடு மேய்கிறது. செபத்தையும் விட்டுவிட வேண்டியிருந்தது. நடுவில் ஒன்றும் நடக்காதபோது யார் எதற்காகச் செபம் சொல்வார்கள்? அழகாக இருக்கும், ஒட்டாது. அப்படித்தான் உன்னை வளர்த்தேன். துறைமுகத்தில் அப்பாவின் கை நசுங்கியபோது உனக்குப் பரீட்சை நேரம். வேலை அதிகம், இந்த வாரம் வரமாட்டார் என்றேன். ஊரில் தாத்தா போனபோது உனக்குப் பள்ளிச் சுற்றுலா, நீ திரும்பிய பிறகு சொன்னேன். பதினைந்து வயதில் நீ ஒருமுறை வெடித்தாய். "இந்த வீட்ல எல்லாமே ஃபைன், சித்தி. எல்லாமே ஃபைன். நான் செத்தாக்கூட அப்பாகிட்ட லீவுல போயிருக்கான்னு சொல்லுவீங்க." நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன். உனக்குத் தெரியாத ஒன்று உண்டென்றால் இதுதான்: அன்று மடித்த துணிகளையெல்லாம் குளியலறைக்குள் கொண்டுபோய் மறுபடியும் நனைத்துத் துவைத்தேன். அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து வைத்திருந்தேன். மறுநாள் நீ, அதே சட்டை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாய்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். உனக்காக நான் இங்கே இருக்க வேண்டாம் என்றாய். உனக்காக இல்லை, எனக்கே இங்கே பிடித்துத்தான் இருந்தேன் என்று சொல்லிவிடலாம். உனக்கும் பாரம் குறையும். ஆனால் அதுவும் கிளிப் போட்ட பக்கம்தான். உண்மை இது. உனக்காகத்தான் இருந்தேன். உனக்காக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால் இருக்கத் தொடங்கினேன். சில வருடங்கள் கசப்பாக இருந்தது. என் வயதுப் பெண்கள் படிக்கவும் காதலிக்கவும் போனபோது, நான் உன் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு, அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று செத்தவளோடு சண்டை போட்டேன். அது எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நீ காய்ச்சலில் கிடந்த ஏதோ ஒரு மதியம் என்று கதையாகச் சொல்ல எனக்கு ஆசைதான், அப்படி ஒரு மதியம் இல்லை. ஒருநாள் பார்த்தபோது மாறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது நீ போகிறாய். இனி எதற்காக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போவேனா, அப்பாவோடு சோஹாருக்குப் போவேனா, இந்த வீட்டிலேயே தனியாக இருப்பேனா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்வது இதுதான் முதல்முறை.

ஆகையால் உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. இருந்தாலும் ஒன்று. ஜெர்மனியில் உனக்கு உடம்புக்கு வந்தால், படிப்பில் தோற்றால், யாராவது உன்னை நோகடித்தால், எங்களிடம் சொல். "எல்லாம் ஃபைன்" என்று எழுதாதே. அந்தப் பழக்கத்தை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய், என்னிடமே விட்டுவிட்டுப் போ. நாளைக்கு உனக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை என்று வரும்போது, அவர்களுக்கு வரப்போகும் இடியை அவர்களிடமிருந்து ஒளிக்காதே. பலகையில் கை வைத்துக் கேட்கட்டும். பக்கத்தில் நீ உட்கார்ந்திரு. அப்பாவை வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடு. அவர் வானிலையைப் பற்றித்தான் பேசுவார். வானிலையைப் பற்றியே பேசு. என்னை நன்றிக்காகக் கூப்பிடாதே. நன்றி சொல்லி முடிக்கக் கூடிய ஒன்றாக இதை நீ நினைத்தால் நான் தாங்கமாட்டேன்.

போன வாரம் பூசைக்கு வெகுநேரம் முன்னதாகக் கோயிலுக்குப் போனேன். நீ சாமான் வாங்கப் போயிருந்தாய். கிளிப்பை எடுத்தேன். துருப்பிடித்துத் தாளில் அதன் தடம் பதிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா வைப்பதுபோல இடது பாதத்தைக் குறுக்காக வைத்து அழுத்தினேன். பெஞ்சு அதிர்ந்தது. ஏசி அண்ணன் கையில் ஒயரோடு பக்கவாசல் வழியாக ஓடி வந்தார். "யம்மா, கம்ப்ரசர் வெடிச்சிருச்சோன்னு நெனச்சேன்! மொட்டமாடிக்கு ஏறப் பாத்தேன்." பிறகு இசைத்தாளைப் பார்த்தார், குடைப் படத்தைப் பார்த்தார். ஒயரைச் சுற்றிக்கொண்டே நின்றார். "அக்கா வாசிச்ச மாதிரி இல்லட்டி. கால் பிந்துது" என்றார். போகும்போது திரும்பி, "பையன் கெளம்பிட்டானா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். "அப்ப அடுத்த லீவுக்குத்தான் பாக்கணும்" என்றார். நான் தலையாட்டவில்லை. அவன் லீவுக்குப் போகவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாய். அலமாரிக்கு மேலிருந்து அம்மாவின் சூட்கேஸை நீயே இறக்கினாய். அதன் ஒரு சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது, கவனமாக இழு. இத்தனை வருடமும் அதற்குத் தூசி தட்டினேன், இடம் மாற்றவில்லை. இனி அந்த இடம் காலியாக இருக்கும். அங்கே எதையும் வைத்து மறைக்கமாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பையன் எங்கே என்று கேட்டால், போய்விட்டான் என்றே சொல்வேன். வருவாயா என்பது உன் விருப்பம். வந்தால் சித்தி வீட்டுக்கு வருவாயா, அம்மா வீட்டுக்கு வருவாயா என்றும் நான் கேட்கப் போவதில்லை.

விமான நிலையத்திலிருந்து நான் நேராகக் கோயிலுக்குப் போகிறேன். கிறிஸ்மஸுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, இடையர்களுக்கு அங்கே வேலை இல்லை, அண்ணன் கத்துவார். சனம் வந்து உட்காரும் நேரத்தில் முழுவதையும் வாசிக்கப் போகிறேன். இடி வரும் பக்கத்துக்கு வரும்போது நீ கடலுக்கு மேலே இருப்பாய். உனக்குக் கேட்காது. பதிவு செய்து அனுப்பவும்மாட்டேன். கால் பிந்தும்.

சித்தி